நசுங்கிய கதவில் தெரிந்த தம்போய்

போன மாதம் திவ்யா எனக்கு மூன்று புலிகளை அனுப்பினார். நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்திய மூன்று ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்த இளம் ஓவிய ஆசிரியை அவர். இப்போது கூலாய் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இருக்கிறார். புலிகள் மூன்றும் அவருடைய மூன்று மாணவர்கள் கொண்டுவந்து நீட்டியவை. மூன்றுக்கும் ஒரே நீலக் கண். மூன்றின் மீதும் பனி கொட்டுகிறது. ஜொகூர் வெயிலில் வளர்ந்த மூன்று பிள்ளைகள் பனிக்கட்டிமேல் நிற்கும் ஒரே புலியைப் பார்த்திருக்கிறார்கள்.

கூடவே ஒரு குரல் பதிவு. "டீச்சர், எல்லாமே ஏஐ-ல செஞ்சது. கேட்டா, 'நான்தான டைப் பண்ணேன், அப்ப என்னோடதுதான'ன்னு சண்டைக்கு வர்றாங்க. இத எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது? நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

பதில் பேசத் தொடங்கினேன். ஆறு நிமிடம் ஆகியும் முன்னுரையைத் தாண்டவில்லை. அழித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஓவியம் சொல்லிக்கொடுத்தவளிடம் ஒரு கேள்வி கேட்டால் சுருக்கமாகவா பதில் வரும்?

நான் வளர்ந்தது செடெனாக் பக்கம். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். படிப்பு முடிந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள். பாத்தேக் துணிக்கு மெழுகு காய்ச்சுவது, லினோ பலகையில் அச்சு செதுக்குவது, களிமண் பிசைவது, பாடக்குறிப்பு எழுதுவது எல்லாம் கற்றுத்தந்தார்கள். ஒரு பிள்ளையின் தாளில் இருந்து நம் கையைத் தள்ளி வைத்துக்கொள்வது எப்படி என்பதை மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. அதை முதல் பள்ளியில் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணைக் காயப்படுத்தித்தான் கற்றேன்.

அந்தப் பள்ளி பண்டார் தெங்காராவில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. இரண்டாம் படிவத்தில் அமுதா என்றொரு மாணவி. வகுப்பில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. மாவட்ட ஓவியப் போட்டிக்காக, மழைக்காலத்தில் சேற்றில் சிக்கிய பள்ளிப் பேருந்தை மாணவர்கள் தள்ளுவதை வரைந்திருந்தாள். பதினோரு பேர். பதினோரு பேரும் நமக்கு முதுகு காட்டிக்கொண்டு. வளைந்த முதுகுகள், சேறு தெறித்த வெள்ளைச் சட்டைகள், அவற்றுக்கு மேலே பேருந்தின் பின்கண்ணாடி.

நல்ல படம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் முகமே இல்லாத படத்துக்கு யார் பரிசு கொடுப்பார்கள் என்றும் தோன்றியது. பள்ளி விட்ட பிறகு, ஓவிய அறையில் நான் மட்டும் இருந்தபோது, மூன்று பேரின் தலையைத் திருப்பி, சிரித்த முகம் வரைந்தேன். பேருந்தின் சக்கரத்தை வட்டமாக்கினேன். சாம்பல் வானத்தை நீலமாக்கினேன். அரை மணி நேர வேலை. உதவி என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. சபைகூடலில் தலைமையாசிரியர் அவள் பெயரை வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் போய் நற்சான்றிதழை வாங்கினாள். நேராக என் மேசைக்கு வந்து அதை வைத்தாள்.

"டீச்சர், இது உங்களோடது."

"என்னம்மா சொல்ற? உன் பேருதான போட்டிருக்கு!"

அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கு எதையோ புரியவைக்கப் பார்ப்பவள்போல் மெதுவாகச் சொன்னாள். "பஸ் தள்ளும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, டீச்சர். சிரிக்கவும் மாட்டாங்க."

நான்காம் படிவத்தில் அவள் ஓவியம் எடுக்கவில்லை, கணக்கியல் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். ஆனால் அவள் மறுபடி வரைந்து நான் பார்க்கவில்லை. அன்று முதல் ஓய்வு பெற்ற நாள் வரை எந்த மாணவரின் தாளிலும் என் பென்சில் பட்டதில்லை. எதையாவது வரைந்து காட்ட வேண்டியிருந்தால் என் தாளில், அதுவும் வேறொரு பொருளை வரைந்து காட்டுவேன். முடிந்ததும் இழுப்பறையில் போட்டு மூடிவிடுவேன். என் பணிக்காலத்தில் நான் பெருமைப்படும் எல்லாமே அந்த வெட்கத்துக்குப் பிறகு வந்தவைதான்.

சில ஆண்டுகள் கழித்து, நகரத்தை ஒட்டிய தம்போய்க்கு மாற்றலானேன். அங்கே ஓவியப் பாடத்துக்குத் தலைவராக இருந்தவர் புவான் சல்மா; மலாயில் புவான் என்றால் திருமதி, எங்களுக்கு அவர் வெறும் புவான்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, அயர்ன் மடிப்புக் கலையாத பாஜு கூரோங் உடுப்பு. யாரையும் பாராட்ட மாட்டார். கத்தவும் மாட்டார். அவர் அறைக்குள் வந்தால் பிள்ளைகளின் நாற்காலிகள் தாமாக நேராகும்.

ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வுக்கு ஓவிய மாணவர்கள் ஒரு ஃபோலியோ தயாரிக்க வேண்டும். எதைப் பார்த்தார்கள், எப்படி யோசித்தார்கள், எப்படிச் செய்து முடித்தார்கள் என்று முழுப் பயணத்தையும் காட்டும் தொகுப்பு அது. அவற்றைப் புவான் சோதிக்கும் விதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. படங்களை முதலில் குப்புறப் போடச் சொல்வார். தாளின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துக் கட்டைவிரலால் தடவுவார். பார்த்து யோசித்து வரைந்த கோடு ஓரிடத்தில் அழுந்தி ஓரிடத்தில் மிதந்து போகும். பின்பக்கத்தில் மேடும் பள்ளமும் தட்டும். மேலே வைத்து ஒற்றி எடுத்த கோடு ஒரே சீராக ஓடும். கட்டம் போட்டுப் பெரிதாக்கியிருந்தால் அழித்த கட்டங்களின் தடமும் விரலுக்குத் தெரியும். அதன் பிறகுதான் படத்தைத் திருப்புவார். நீண்ட நேரம் பார்ப்பார். பார்த்துவிட்டு மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி, மலாயில்: "எங்கே நின்று பார்த்தாய்?"

ஆற்றங்கரையை வரைந்தவன், "சின்னப் பாலத்துக்குக் கீழே, இடது பக்கம்" என்பான். அவனைத் தொந்தரவு செய்ய மாட்டார். சுவிட்சர்லாந்து மலையை வரைந்தவன் காலைப் பார்ப்பான். அவனையும் திட்ட மாட்டார். தாளை அவன் கையில் திருப்பிக் கொடுத்து, "போய் எங்காவது நின்றுவிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்.

அவர் வகுப்பில் ரப்பருக்கு அனுமதி இல்லை. தப்பாக வரைந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் வரைய வேண்டும். பக்கத்தைக் கிழித்தால் மறுநாள் பெற்றோருக்குக் கடிதம் போகும். முதலில் எனக்கு இது கொடுமையாகத் தெரிந்தது. ஓராண்டு கழித்து என் வகுப்பிலும் ரப்பர்களை ஒரு மைலோ டின்னில் போட்டு மூடி வைத்தேன்.

இப்போது லோகாவுக்கு வருகிறேன். லோகேஸ்வரி. நான்காம் படிவத்தில் என்னிடம் வந்தாள். அவள் வருவதற்கு முன்பே அவள் புகழ் வந்துவிட்டது. ஆரம்பப் பள்ளியிலிருந்தே வண்ணம் தீட்டும் போட்டிகளில் கோப்பை வாங்கியவள். எந்தப் புகைப்படத்தைக் கொடுத்தாலும் அச்சு அசலாக வரைவாள். சினிமா நடிகர்களின் முகங்களை வரைந்து தோழிகளின் பிறந்தநாளுக்குக் கொடுப்பாள். முதல் நாளே ஒரு கழுகின் தலையைக் கொண்டுவந்தாள். ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கே மூச்சு நின்றது.

புவான் அதைக் குப்புறப் போட்டார். தடவினார். கட்டங்கள்.

"எங்கே நின்று பார்த்தாய்?"

"போன்ல, புவான்."

புவான் தாளை நீட்டினார். பத்து ஆண்டுகளாகக் கை தட்டல் மட்டுமே கேட்டுவந்த பெண்ணின் முகம் அப்படியே சுருங்கியது.

நான் அவளிடம் சின்னக் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, போனைப் பார்க்காமல், தொட்டுப் பார்க்கக்கூடிய எதையாவது வரைந்து வா என்றேன். மூன்று வாரம் வெறும் பக்கத்தோடு வந்தாள். நான்காவது வாரம் மேசைமேல் குறிப்பேட்டை வைத்துவிட்டு அழுதாள்.

"எனக்குச் சொந்தமா ஒன்னுமே வராது, டீச்சர். காப்பி அடிக்கத்தான் தெரியும். எங்க வீட்ல வரையுற மாதிரி என்னா இருக்கு? அம்மா ஃபேக்டரிக்குப் போயிருவாங்க. நான் ஸ்கூல் விட்டா அப்பா ஒர்க்‌ஷாப்தான். கெமெக் ஆன காரத் தவிர அங்க ஒன்னும் கிடையாது."

கெமெக் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் நசுங்கல். அவள் அப்பா சேகர், தம்போயில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்திச் சாயம் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார். என் காரின் பின்கதவிலும் ஒரு வேன் முட்டிய பள்ளம் இரண்டு மாதமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை காரை அங்கே ஓட்டிப் போனேன். வாடிக்கையாளராகத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சேகர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். என் காரின் வெள்ளி நிறத்தைக் கலந்து ஓர் அட்டையில் தொட்டு, காயவிட்டு, கதவை ஒட்டிப் பிடித்து, விளக்கில் பார்க்காமல் வெயிலில் போய் நின்று பார்த்தார். தலையை ஆட்டினார். மறுபடி ஒரு சொட்டுக் கறுப்பு, ஒரு சொட்டுப் பச்சை.

"கம்பெனி வெள்ளி இங்க ஒட்டாது, டீச்சர். இது பத்து வருஷம் வெயில் குடிச்ச வெள்ளி" என்றார். "எங்க தொழில்ல வித்தியாசம் தெரிஞ்சா வேல சரியில்லன்னு அர்த்தம். அடிச்ச எடம் அடிக்காத எடம் எதுன்னு எனக்கே தெரியக்கூடாது."

மகளுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அந்த வீட்டில் அச்சு அசலாக இருப்பதுதான் மரியாதை. அதைப்போய் நாங்கள் பள்ளியில் குற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

லோகா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சேகர் சுத்தியலை எடுத்தபோது, "ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றேன். "லோகா, இங்க வா. அந்தப் பள்ளத்துக்குள்ள என்ன தெரியுதுன்னு பாரு."

குனிந்தாள். அலட்சியமாகத்தான் குனிந்தாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்தாள். சட்டென்று சிரித்தாள்.

"அலமாக்! அப்பா மூக்கு எங்கயோ போவுது, டீச்சர்! அந்த ஃபிளாட் வீடெல்லாம் வாழப்பழம் மாதிரி வளையுது. பஸ் வருது பாருங்க, மீன் மாதிரி நீந்திக்கிட்டு வருது!"

"அத வரை."

"அசையுதே!"

"அசையட்டும்."

அன்று அவள் வரைந்தது அவள் வாழ்க்கையின் முதல் மோசமான படம். கோடுகள் முட்டிக்கொண்டு, பேருந்து எது, அப்பா எது என்று தெரியாமல். கிழிக்கப் போனாள். நான் கையை நீட்டவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். அவளுக்குப் புவானின் கடிதம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பி அடுத்ததைத் தொடங்கினாள்.

அதன் பிறகு பட்டறைக்கு வந்த ஒவ்வொரு நசுங்கிய கதவும், பானெட்டும், மட்கார்டும் லோகாவிடம் அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் சுத்தியலுக்குப் போனது. சேகர் எனக்குப் போன் போட்டுப் புலம்புவார். "டீச்சர், கஸ்டமர் நிக்கிறாங்க லா. இவ கெமெக்க வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் தட்டக்கூடாதாம். நான் என்னா சொல்றது?" புலம்பினாரே தவிர, தட்டவில்லை.

சொந்தமாக வரைந்தால் போதும், நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அது சோம்பேறி ஆசிரியர்களின் சாக்கு. அட்டையில் தீப்பெட்டி அளவு ஓட்டை வெட்டிக் கொடுத்து, அதன் வழியே பார்த்து எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று அவளையே முடிவு செய்ய வைத்தேன். கண்ணைப் பாதி மூடி, எது மிகவும் இருட்டு என்று முதலில் தேடச் சொன்னேன். உலோகம் சாம்பல் நிறம் என்று நினைத்துச் சாம்பலையே பூசிக்கொண்டிருந்தாள்; சாம்பலையும் கறுப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற நிறங்களில் உலோகம் செய்யச் சொன்னேன். ஒரு வாரம் என்னைத் திட்டியிருப்பாள். பிறகு, நசுங்கிய கதவின் மேல்பாதி வானத்தையும் கீழ்பாதி சிமென்டுத் தரையையும் குடித்திருக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள்.

"எப்படிப் போடணும்னு ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன், டீச்சர்" என்று கெஞ்சினாள். கேன்டீனிலிருந்து ஒரு குழம்புக் கரண்டி வாங்கி வந்தேன். அதன் குழியில் தலைகீழாகத் தெரிந்த மின்விசிறியை என் தாளில் வரைந்து காட்டி இழுப்பறையில் போட்டேன். கரண்டியிலிருந்து கார் கதவுக்கு அவளே நடந்து போக வேண்டும்.

பத்தாவது படம் பரவாயில்லை. இருபதாவது படத்தில் வளைவுகள் ஒன்றை ஒன்று கேட்டு வளைந்தன. முப்பதைத் தாண்டியபோது எனக்கு இரவல் கண் கிடைத்த மாதிரி இருந்தது. தம்போய்ச் சாலையில் நிற்கும் கார்களையெல்லாம் குனிந்து குனிந்து பார்க்கத் தொடங்கினேன்.

முடிவுப் படைப்பாக நான்கு படங்கள் செய்வதென்று தீர்மானித்தாள். மூன்று தாளில். நான்காவதை மட்டும், அப்பா கழித்துப் போட்ட ஒரு பானெட்டின் தகட்டையே வெட்டி, அதன்மேல்.

ஃபோலியோக்களைப் புவான் சோதிக்கும் நாள் வந்தது. வெளியிலிருந்து தேர்வு வாரியத்தின் மதிப்பீட்டாளர் வருவதற்குப் பத்து நாள் இருந்தது. லோகாவின் மூன்று படங்களையும் குப்புறப் போட்டுத் தடவினார். பேசாமல் நகர்த்தி வைத்தார். நான்காவதைத் தூக்கினார். தகட்டின் பின்பக்கத்தில் தடம் ஏது? திருப்பி வைத்துவிட்டு, வண்ணத்தின்மேல் விரலை ஓட்டினார். நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு, ஒரு தடம்கூட இல்லாமல் கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு போனது பின்னணி. அதன்மேல் லோகாவின் தூரிகையில் கட்டடங்கள்.

"இதை வேறு யாரோ அடித்திருக்கிறார்கள்" என்றார் புவான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "புவான், நாற்பது பக்கம் தப்புத் தப்பாக வரைந்து இந்த இடத்துக்கு வந்தவள் அவள். எனக்குத் தெரியும். இது அவளுடையதுதான்."

"உனக்குத் தெரியும் என்கிறாய். அவளைக் கேட்டாயா?"

கேட்கவில்லை. லோகாவை அழைத்தேன். புவானின் மேசைக்கு முன்னால் வைத்துக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பின்னாடி உள்ள கலர் மட்டும் அப்பா அடிச்சது, டீச்சர். நான் அடிச்சது ஒழுகிப்போச்சு. டியூஷன் போயிட்டு வந்து பார்த்தேன், அழகா இருந்துச்சு. வேணாம்னு சொல்ல மனசு வரல."

புவான் குரலை உயர்த்தவில்லை. இந்தப் படம் போகாது. மூன்றை மட்டும் வைத்தால் மதிப்பெண் இறங்கும். மறைத்து அனுப்பி மதிப்பீட்டாளர் கண்டுபிடித்தால் மொத்த ஃபோலியோவும் போய்விடும். வடிவமைப்பு படிக்க விண்ணப்பிக்கப் போகிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்றார். எல்லாம் சரி. ஆனால் என் கண் முன்னால் நின்றது லோகா இல்லை. பண்டார் தெங்காராவின் அந்தப் பேருந்துதான் நின்றது.

அன்று மாலையே பட்டறைக்குப் போனேன். சேகருக்கு முதலில் புரியவில்லை.

"ஒரே ஒரு கோட்டு பெயிண்டுதான டீச்சர் அடிச்சேன். படம் பூரா அவதான போட்டா. பெத்த புள்ளைக்கு இதுகூடச் செய்யக்கூடாதா?"

"நானும் மூனே மூனு முகம்தான் போட்டேன், சேகர்" என்றேன்.

அமுதாவின் கதையை யாரிடமும் நான் அதுவரை சொன்னதில்லை. என் கணவருக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும். கார் எண்ணெய் வாடையில், கவிழ்த்துப் போட்ட ஒரு சாய டின்மேல் உட்கார்ந்து, முழுதும் சொன்னேன். லோகா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சேகர் எழுந்து போய் அலமாரியிலிருந்து உப்புத்தாளை எடுத்து, தண்ணீரில் நனைத்து, மகளிடம் நீட்டினார்.

"தேய்ம்மா. நான் அடிச்சதயெல்லாம் தேச்சு எடுத்துரு."

அப்பாவின் குறையில்லாத வேலையை அவள் தேய்த்து எடுத்தாள். அவளுடைய கட்டடங்களும் அதோடு போயின. அடுத்த ஒரு வாரம் அவள் வண்ணம் அடிக்கும்போதெல்லாம் சேகர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தாங்க முடியாதபோது தே தாரேக் குடிக்கப் போய்விடுவாராம். ஒருநாளில் நாலு தடவை போனார் என்று லோகா சொல்லிச் சிரித்தாள்.

தகட்டைத் தேய்த்து வெறும் உலோகமாக்கியபோது அவளுக்கு ஒன்று நடந்தது. நாற்பது பக்கத்திலும் அப்பா இருந்தார், பேருந்து இருந்தது, அடுக்குமாடி வீடுகள் இருந்தன. பள்ளத்துக்கு முன்னால் குனிந்து பார்க்கும் ஆள் மட்டும் இல்லை. நசுங்கலில் எப்போதும் பெரிதாகத் தெரிவது அதைப் பார்க்கிறவரின் முகம்தான். வரைவதற்கு இடைஞ்சல் என்று அதை அவள் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டிருக்கிறாள். நானும் கவனிக்கவில்லை; புவானும் கவனிக்கவில்லை. இந்த முறை தன்னைப் போட்டாள். நெற்றி ஒரு பக்கம் வீங்கி, கன்னம் தெருவோடு சேர்ந்து வழிந்து, ஒரு கண் மட்டும் நேராக நம்மைப் பார்க்கிற ஒரு முகம். பின்னணியில் ஓரிடத்தில் சாயம் மறுபடி ஒழுகியிருந்தது. அதைத் துடைக்காமல் விட்டிருந்தாள்.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முதல் நாள் புவான் அதைப் பார்த்தார். கட்டைவிரலை ஒழுகிய இடத்தில் வைத்து ஒரு முறை கீழே இழுத்தார்.

"எங்கே நின்று பார்த்தாய்?"

"நிக்கல, புவான். அப்பா முட்டி போடுற எடத்துல முட்டி போட்டுப் பார்த்தேன்" என்றாள் லோகா, தன் தம்போய் மலாயில்.

புவான் தலையசைத்தார். அடுத்த வாரம் அவர் தன் காரைச் சேகரின் பட்டறைக்குக் கொண்டுபோனதாகவும், தட்டுவதற்கு முன் லோகாவைக் கூப்பிட்டு, "முதலில் இதைப் பார்த்துவிடு" என்று நின்றதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். அவர் வாழ்நாளில் கொடுத்த பாராட்டு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மதிப்பீட்டாளர் ஓர் இளைஞர். நான்கு படங்களையும் பார்த்துவிட்டு, "இணையத்தில் எங்கே எடுத்தது?" என்ற கேள்வியோடுதான் தொடங்கினார். லோகா பதில் சொல்லாமல் குறிப்பேட்டைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினாள். என் கார்க்கதவின் அந்த மோசமான படம். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மதிய உணவுக்கு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

திவ்யா, உங்களுக்கு என் பதில் இதுதான். புலி பொய் என்று நிரூபிக்க நேரம் செலவழிக்காதீர்கள். நாம் போலீஸ் இல்லை. அந்த மூன்று பிள்ளைகளையும் அவரவர் மாலை நேரம் கழிகிற இடத்துக்கு ஒரு குறிப்பேட்டோடு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள். முதல் பத்துப் பக்கம் கண்றாவியாக இருக்கும். அதைக் கூடவே இருந்து பொறுத்துக்கொள்வதுதான் நம் வேலை. கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

லோகா அந்தப் பாடத்தில் ஏ வாங்கினாள். தொழில்துறை வடிவமைப்பில் பட்டயப் படிப்பு முடித்து, இப்போது பேருந்துகளுக்கு வெளிக்கூடு கட்டும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறாள். என்னிடம் படித்தவர்களில் அவளைவிடப் பெரிய வேலைக்குப் போனவர்கள் உண்டு. ஆனாலும் யாராவது என்னிடம், ஒரே ஒரு நாளைத் திரும்பத் தருகிறோம், எந்த நாள் வேண்டும் என்று கேட்டால், அந்த ஆண்டு இறுதியில் பள்ளி மண்டபத்தில் நடந்த ஓவியக் கண்காட்சி நாளைத்தான் கேட்பேன்.

சேகர் வந்திருந்தார். நீளக்கை வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, எவ்வளவு தேய்த்தும் போகாத சாயம் நகக்கண்ணில். மற்ற படங்கள் பக்கம் போகவில்லை. மகளின் தகட்டுக்கு முன்னால் நின்று, வழக்கம்போல் பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சத்தை வைத்துப் பார்த்தார். ஒழுகலைப் பார்த்தார். பிறகு கீழ் மூலையில் குனிந்தார். லோகா சின்ன எழுத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"லோகேஸ்வரி சேகர்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எத்தனையோ ஆயிரம் காரு அடிச்சிருப்பேன், டீச்சர். ஒன்னுலயும் நான் பேரு போட்டதில்ல. போடவும் கூடாது."

மறுபடி குனிந்து, பெயரின் பின்பாதியை மட்டும் இன்னொரு தடவை மெதுவாக வாசித்தார்.